எஸ்.டி.பி.க்குக் காத்திருப்பதா, ஆய்வகத்திலிருந்து ஏறுவதா? என்.எச்.எஸ். அறிவியலாளராக மூன்று வழிகள்

இங்கிலாந்தில் உயிரியலோ இயற்பியலோ படிக்கும் ஒருவர் என்.எச்.எஸ். எனப்படும் அரசுச் சுகாதார சேவையின் மருத்துவமனையில் அறிவியலாளராக வேண்டும் என்றால், அவர் முன்னே இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. எஸ்.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூன்றாண்டு அறிவியலாளர் பயிற்சித் திட்டம் முதலாவது. ஆய்வகத்தில் உதவியாளராகவோ, நோயாளிகளின் மாதிரிகளைப் பரிசோதிக்கும் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்டாகவோ நுழைந்து, வேலை செய்துகொண்டே மேலே போவது இரண்டாவது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சுகாதார அறிவியல் பட்டத்திலோ, சம்பளத்துடன் கூடிய பட்டத் தொழிற்பயிற்சியிலோ சேர்வது மூன்றாவது.

எது நல்லது என்று கேட்பவர்கள் சம்பளத்தையும் பதவியின் பெயரையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். அவை முக்கியம்தான். ஆனால் இந்தத் தொழிலில் ஒருவர் ஐந்தாண்டுகளில் எங்கே நிற்பார் என்பதை முடிவு செய்வது வேறொன்று: வேலைநேரத்துக்குள் கற்றுக்கொள்வதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, ஆள் பற்றாக்குறை வரும் நாளில் அந்த நேரம் யாருடைய தோளிலிருந்து பறிக்கப்படும். இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று வழிகளும் மிகவும் வேறுபட்டுத் தெரியும். அரசின் கொள்கை எங்கே வாக்குக் காப்பாற்றியது, எங்கே கைவிட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கொள்கையைப் பார்த்துவிடலாம். 2010 பிப்ரவரியில் பிரிட்டன் சுகாதாரத் துறை, அறிவியல் பணிகளை நவீனமாக்கும் கொள்கையை வெளியிட்டது. அப்போது தலைமை அறிவியல் அதிகாரியாக இருந்த பேராசிரியர் சூ ஹில் இதை முன்னின்று நடத்தினார். அதுவரை ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு பயிற்சிமுறை, ஒரு தேர்வு, ஒரு சங்கம் என்று தனித்தனியாக இயங்கியது. மரபியலில் பயிற்சி பெற்றவருக்கும் கதிர்வீச்சு இயற்பியலில் பயிற்சி பெற்றவருக்கும் பொதுவான படிநிலை எதுவும் கிடையாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட துறைகளில், சுமார் 50,000 பேரை உள்ளடக்கிய ஒரு பணிப்பிரிவு அது. அவர்கள் எல்லோரையும் உதவியாளர், இணை நிலையாளர், பிராக்டிஷனர், அறிவியலாளர், ஆலோசக அறிவியலாளர் என்று ஒரே ஏணியில் நிறுத்துவதே புதிய கொள்கையின் நோக்கம். எந்தப் படியில் நுழைந்தாலும் மேலே ஏறலாம் என்பது அதன் வாக்குறுதி.

நல்ல நோக்கம் என்றே சொல்வேன். ஆனால் ஏணியின் எல்லாப் படிகளுக்கும் ஒரே மாதிரி பணம் வைக்கப்படவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான அமைப்பும் நிலையாக இல்லை. 2010இல் சுகாதாரத் துறை, பிறகு ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து என்ற தனி அமைப்பு, 2023 ஏப்ரலில் அது என்.எச்.எஸ். இங்கிலாந்துடன் இணைப்பு, 2025 மார்ச்சில் என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைத்துச் சுகாதாரத் துறைக்குள் கொண்டுவரப்போவதாக அறிவிப்பு. ஒரு பயிற்சியாளர் உதவியாளராகச் சேர்ந்து ஆலோசகராகப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலத்துக்குள் அவருடைய பயிற்சிக்குப் பணம் தரும் கை இத்தனை முறை மாறியிருக்கிறது.

இனி வழிகளுக்கு வரலாம்.

எஸ்.டி.பி.: நேரத்துக்கு உத்தரவாதம், இடத்துக்கு இல்லை

2011இல் தொடங்கிய எஸ்.டி.பி. மூன்றாண்டுகள் நடக்கும். பயிற்சியாளர் ஒரு மருத்துவமனைத் துறையில் வேலையில் இருப்பார். கூடவே பகுதிநேரமாக முதுநிலைப் பட்டம் படிப்பார். நேரடியாகச் சேர்பவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பயிற்சி நிதியே ஏற்கும். சம்பளம் என்.எச்.எஸ். ஊதியப் படிகளில் பேண்ட் 6 என்ற படியில் தொடங்கும். 2025–26 ஊதிய அட்டவணையில் இங்கிலாந்தில் அது 38,682 பவுண்டு. முதலில் தொடர்புடைய சில பிரிவுகளில் சுழற்சிப் பயிற்சி, அதன்பின் ஒரே துறையில் ஆழ்ந்த பயிற்சி. முடிவில் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைத்ததும் எச்.சி.பி.சி. எனப்படும் சட்டபூர்வப் பதிவு அமைப்பில் கிளினிக்கல் சயின்டிஸ்ட்டாகப் பதிவு செய்யலாம். அந்தப் பெயரைப் பதிவில்லாமல் பயன்படுத்துவது குற்றம். பதிவு பெற்றவர்கள் பொதுவாக பேண்ட் 7 பணிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதே அட்டவணையில் அதன் தொடக்கம் 47,810 பவுண்டு.

இந்தத் திட்டத்தின் உண்மையான மதிப்பு சம்பளம் அல்ல. எஸ்.டி.பி. பயிற்சியாளர் துறையின் அன்றாட வேலைக்கணக்கில் சேராத ஆளாகவே வைக்கப்படுகிறார். அவர் கற்க வந்தவர் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவருக்குப் பயிற்சி மேற்பார்வையாளர் உண்டு, பாடத்திட்டம் உண்டு, பர்மிங்ஹாமைத் தளமாகக் கொண்ட தேசியச் சுகாதார அறிவியல் பள்ளியின் கண்காணிப்பு உண்டு. துறை அவரைப் புறக்கணித்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. மற்ற இரு வழிகளில் செல்பவர்களுக்கு இவை எல்லாம் ஒருசேரக் கிடைப்பது அரிது.

குறை, இடங்கள் மிகக் குறைவு என்பது. ஆண்டுக்குச் சில நூறு இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். தகுதியாகக் கேட்பது தொடர்புடைய பாடத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலைப் பட்டம். அதற்குக் கீழே இருந்தால் உயர்பட்டம் வேண்டும். ஆனால் தகுதி வேறு, வெற்றி வேறு. முனைவர் பட்டம் பெற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முறைதான் சேர்க்கை. ஒருமுறை தவறினால் பன்னிரண்டு மாதங்கள் போய்விடும். இந்தச் சுழலில் சிக்கி, தற்காலிக வேலைகளில் காலம் தள்ளி, மூன்றாம் முறை, நான்காம் முறை என்று விண்ணப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். திறமை இல்லாததால் அல்ல, நாற்காலி இல்லாததால். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.டி.பி. காலவரையறை உள்ள பணி. மூன்றாண்டு முடிந்ததும் அதே மருத்துவமனையில் வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பெரிய துறைகளில் இது பெரிய கவலை இல்லை. நாடு முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களே உள்ள சிறு துறையைத் தேர்ந்தெடுத்தால், வேலைக்காக ஊர் மாறும் மனநிலை இருக்க வேண்டும். குடும்பத்தோடு ஓரிடத்தில் வேரூன்றியவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து ஏறுவது: கதவு திறந்தே இருக்கிறது, படி வழுக்குகிறது

இரண்டாவது வழியில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான எதிர்பார்ப்போடு நுழைகிறார்கள்.

முதல் கட்டம் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் ஆவது. இதுவும் எச்.சி.பி.சி. பாதுகாக்கும் பெயர்தான். அதற்கு ஐ.பி.எம்.எஸ். எனப்படும் உயிர்மருத்துவ அறிவியல் கழகம் அங்கீகரித்த பட்டம் வேண்டும். பயிற்சிக்கு ஒப்புதல் பெற்ற ஆய்வகத்தில் பதிவுக்கான சான்றுத்தொகுப்பை, அதாவது வேலையில் பெற்ற திறனைக் காட்டும் ஆதாரங்களின் தொகுப்பை, முடிக்க வேண்டும். பட்டம் அங்கீகாரம் பெறாதது என்றால் கழகம் அதை மதிப்பிட்டு, எந்தப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்று சொல்லும். வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர்களும் இந்த மதிப்பீட்டுக்குப் போகலாம். பதிவு கிடைத்ததும் பேண்ட் 5; 2025–26இல் 31,049 பவுண்டு. பிறகு ஒரு துறையில் சிறப்புத் தொகுப்பு முடித்தால் பேண்ட் 6.

பண விஷயத்தில் இந்த வழியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். இரத்தவியல், இரத்த மாற்று, உயிர்வேதியியல் ஆய்வகங்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. பேண்ட் 4 முதல் மேலே உள்ளவர்களுக்கு இரவுப் பணிக்கும் சனிக்கிழமைக்கும் மணிக்கூலியில் 30 சதவீதம், ஞாயிறுக்கும் பொதுவிடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல் உண்டு. சுழற்சிப் பணியில் இருக்கும் பேண்ட் 5 ஊழியருக்கும் பகல் வேலை மட்டும் செய்யும் எஸ்.டி.பி. பயிற்சியாளருக்கும் இடையே மாதக் கடைசியில் கையில் வரும் தொகையின் வித்தியாசம், அட்டவணை காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பிரச்சினை சான்றுத்தொகுப்பில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டத்தை முடித்தும், படிக்கும்போது மருத்துவமனைப் பயிற்சி ஆண்டு கிடைக்காததால், பட்டதாரிகள் பலர் பேண்ட் 2, பேண்ட் 3 உதவியாளர்களாகச் சேர்கிறார்கள். மாதிரிகளைப் பெறுவது, பதிவு செய்வது, கருவியில் ஏற்றுவது என்று வேலை நடக்கும். தொகுப்பை அடுத்த ஆண்டு தொடங்கலாம் என்பார்கள். அடுத்த ஆண்டு பயிற்சி அலுவலர் விலகியிருப்பார், அல்லது புதிய கணினி அமைப்பு வந்திருக்கும், அல்லது ஆள் போதாது. துறைத்தலைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு உதவியாளர் பணியிடத்துக்குத்தான் பணம் வந்திருக்கிறது. கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு வரவில்லை. 2010 கொள்கையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஏணி வரைந்தார்கள், நடுப்படிகளில் ஏறுபவருக்கு நேரத்தை வாங்கித் தரவில்லை.

இரண்டாம் கட்டம், பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்டோ, தொழில்நுட்பப் பணியாளரான டெக்னாலஜிஸ்ட்டோ அனுபவத்தின் வழியாகக் கிளினிக்கல் சயின்டிஸ்ட் ஆவது. இதற்குச் சமநிலை மதிப்பீடு என்ற வழி இருக்கிறது. சுகாதார அறிவியல் அகாடமி, கிளினிக்கல் சயின்டிஸ்ட்கள் சங்கம், அண்மைக் காலத்தில் ஐ.பி.எம்.எஸ். ஆகியவை எச்.சி.பி.சி. ஒப்புதலோடு இதை நடத்துகின்றன. விண்ணப்பிப்பவர் தன் அறிவும் திறனும் எஸ்.டி.பி. முடித்தவருக்கு நிகரானவை என்று ஆதாரங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும். நோயாளி நேரடியாகச் சம்பந்தப்பட்ட முடிவுகள், தணிக்கைகள், புதிய பரிசோதனைமுறையைச் சரிபார்த்த பதிவுகள், ஆராய்ச்சி, பிறருக்குக் கற்பித்தது என்று எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். அதன்பின் மதிப்பீட்டாளர்கள் முன் நேர்காணல். தேறினால் பதிவேட்டில் அவருக்கும் எஸ்.டி.பி. முடித்தவருக்கும் தகுதியில் வேறுபாடு கிடையாது.

இந்த வழியைப் பற்றி ஒரு தாழ்வெண்ணம் நிலவுகிறது. பின்கதவு என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். அது அநியாயம். பல ஆண்டுகள் இரவுப் பணியில் தனியாக நின்று, இரத்தம் கொடுக்கலாமா வேண்டாமா என்று மருத்துவரோடு தொலைபேசியில் பேசி முடிவெடுத்தவரின் அனுபவம் எந்தப் பாடத்திட்டத்துக்கும் சளைத்தது அல்ல. ஆனால் விலை உண்டு. ஆதாரம் தொகுக்கும் வேலை வீட்டில், இரவில், வார இறுதியில்தான் நடக்கிறது. கட்டணத்தைச் சில மருத்துவமனைகள் ஏற்கும், பல ஏற்காது. பதிவு கிடைத்த பிறகும் பேண்ட் 7 பணியிடம் காலியாக இருந்தால்தான் பதவி உயர்வு. சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆய்வகப் படிநிலைக்குள்ளேயே இன்னொரு கிளையும் வளர்ந்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஐ.பி.எம்.எஸ். கழகமும் நோயியலாளர்களின் அரசக் கல்லூரியும் சேர்ந்து, பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்கள் திசு மாதிரிகளை வெட்டிப் பகுக்கவும், கூடுதல் பயிற்சிக்குப் பின் சில வகைத் திசுக்களைப் பார்த்து அறிக்கை எழுதவும் தகுதிகள் ஏற்படுத்தியிருக்கின்றன. ஒருகாலத்தில் மருத்துவர் மட்டுமே செய்த வேலை இது. திசு நோயியலில் ஆர்வம் உள்ளவருக்கு எஸ்.டி.பி.யைவிட இந்தப் பாதை பொருத்தமாக இருக்கலாம்.

துறைக்குத் துறை இந்த இரண்டாவது வழியின் வடிவம் மாறும். மருத்துவ இயற்பியலில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்ற படியே இல்லை. அங்கே டெக்னாலஜிஸ்ட்டாகத்தான் நுழைய முடியும். மரபணு ஆய்வகங்களிலும் டெக்னாலஜிஸ்ட் பணி உண்டு. இங்கிலாந்தில் மரபணுப் பரிசோதனை 2018 முதல் ஏழு மண்டல ஆய்வக மையங்களின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டதால், அந்த மையங்களுக்கு வெளியே வாய்ப்பு குறைவு. நோயியல் ஆய்வகங்களும் 2017இல் அறிவிக்கப்பட்ட திட்டப்படி வட்டார வலைப்பின்னல்களாக ஒன்றுசேர்கின்றன. சிறு மருத்துவமனையில் அவசரப் பரிசோதனைகள் மட்டும் தங்கி, சிக்கலான பரிசோதனைகள் மைய ஆய்வகத்துக்குப் போய்விடுகின்றன. கற்றுக்கொள்ள வருபவருக்கு இது நேரடியான செய்தி: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்தில் சான்றுத்தொகுப்புக்குத் தேவையான வேலை எல்லாம் நடக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும்.

பட்டமும் பட்டத் தொழிற்பயிற்சியும்: பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவு

பள்ளி முடிக்கும் பிள்ளைக்கு வேறு கணக்கு. சுகாதார அறிவியல் இளநிலைப் பட்டம் மூன்றாண்டு. அதற்குள் ஏறக்குறைய 50 வாரம் மருத்துவமனைப் பயிற்சியும் அடங்கும். இதயவியல், செவியியல், நரம்பு மின்னியல், சுவாசம் மற்றும் உறக்கம், கதிரியக்க இயற்பியல் போன்ற துறைகளில் நேரடியாக வேலைக்கு ஆயத்தமாக்கும் படிப்பு. அதே நிலையைத் தொழிற்பயிற்சியாகவும் முடிக்கலாம். அப்போது பிள்ளை மருத்துவமனை ஊழியர், சம்பளம் வரும், கல்விக் கட்டணத்தைத் தொழிற்பயிற்சி நிதி ஏற்கும். 2017 ஏப்ரல் முதல் ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள முதலாளிகள் 0.5 சதவீதத்தை இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும், மருத்துவமனைகளும் செலுத்துகின்றன. ஏற்கெனவே செலுத்திய பணம் என்பதால், அதைப் பயன்படுத்த அவர்களுக்கும் ஆர்வம் உண்டு.

இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய முடிந்தால் தொழிற்பயிற்சியையே எடுக்கச் சொல்வேன். காரணம் பணம். இங்கிலாந்தில் 2025–26இல் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. செவிலியம், இயன்முறை மருத்துவம், ரேடியோகிராபி படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு பயிற்சி மானியம் கிடைக்கிறது. அதே மருத்துவமனையில், அதே நோயாளிக்காகப் பயிற்சி எடுக்கும் சுகாதார அறிவியல் மாணவருக்கு அது கிடையாது. இதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. செவித்திறன் நிபுணர்களும் இதய உடலியல் நிபுணர்களும் போதவில்லை என்று ஒரு கையால் எழுதிக்கொண்டே, மறு கையால் மாணவர்களை வேறு படிப்பு பக்கம் தள்ளுவதாகவே இது முடிகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் பதிவு. செவியியலிலும் உடலியல் துறைகளிலும் இந்தப் பட்டத்தை முடித்தவருக்குச் சட்டபூர்வப் பதிவு இல்லை. விருப்பப் பதிவேடுகள் மட்டுமே. இதயம், நரம்பு, சுவாசம் போன்றவற்றின் செயல்பாட்டைச் சோதிக்கும் கிளினிக்கல் பிசியாலஜிஸ்ட்களுக்குச் சட்டபூர்வப் பதிவு வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பே 2004இல் பரிந்துரைத்தது. அரசு செய்யவில்லை. 2011இல் வந்த அரசுக் கொள்கை அறிக்கை, விருப்பப் பதிவேட்டையே மேம்படுத்தினால் போதும் என்ற பக்கம் சாய்ந்தது. இதனால் ஒரு விசித்திரம்: கடைத்தெருவில் செவிக்கருவி விற்பவர் எச்.சி.பி.சி. பதிவு பெற்றே ஆக வேண்டும். மருத்துவமனையில் பச்சைக் குழந்தையின் செவித்திறனைச் சோதிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இது காகிதப் பிரச்சினை அல்ல. ஸ்காட்லாந்தில் லோதியன் வட்டார என்.எச்.எஸ். குழந்தைகள் செவியியல் சேவையில், ஒரு குடும்பத்தின் முறையீட்டுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பிரிட்டிஷ் செவியியல் அகாடமி ஆராய்ந்தது. 2021 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை, பல ஆண்டுகளாகச் சோதனைகள் தவறாகச் செய்யப்பட்டதையும், காது கேளாத குழந்தைகள் கண்டறியப்படாமல் போனதையும் வெளிக்கொண்டுவந்தது. பேச்சு மலரும் வயதை அந்தக் குழந்தைகளுக்குத் திருப்பித் தர யாராலும் முடியாது. தொடர்ந்த தேசிய ஆய்வு 2023இல் பயிற்சி, தர மேற்பார்வை, அறிவியல் தலைமை ஆகியவற்றில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. பயிற்சிக் கொள்கை என்று நாம் பேசுவது கடைசியில் யாருடைய வாழ்க்கையில் போய் முடிகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பட்டம் முடித்தவருக்கு மேலே போகும் வழி அடைபட்டுவிடாது. பேண்ட் 5இல் சேர்ந்து அனுபவம் பெற்று, பணியில் இருப்பவர்களுக்கான எஸ்.டி.பி. இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், அப்போது சம்பளத்தை அவருடைய துறையே தொடர்ந்து தரும். ஆகவே துறைத்தலைவரின் ஆதரவு இல்லாமல் இது நடக்காது. சமீபத்தில் இதில் ஓர் இடறலும் வந்திருக்கிறது. முதுநிலை மட்டத்தில் உள்ள 7ஆம் நிலைத் தொழிற்பயிற்சிகளுக்கான நிதியை 2026 ஜனவரி முதல், சில விதிவிலக்குகள் தவிர, 16 முதல் 21 வயதுள்ள புதியவர்களுக்கு மட்டும் என்று அரசு சுருக்கிவிட்டது. முதுநிலைப் பயிற்சிக்கு வருபவர் யாருக்கு 21 வயதுக்குள் இருக்கும்? வேலையில் இருந்துகொண்டே ஏறுபவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு நிதிவழியை இது நடைமுறையில் மூடிவிடுகிறது.

ஏணியின் உச்சிக்கு இட்டுச்செல்லும் எச்.எஸ்.எஸ்.டி. என்ற உயர்நிலை அறிவியலாளர் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாக. ஆலோசக அறிவியலாளர் நிலைக்கு ஆயத்தமாக்கும் ஐந்தாண்டுப் பயிற்சி அது. முனைவர் பட்ட நிலை. கிளினிக்கல் சயின்டிஸ்ட்டாகப் பதிவு பெற்றவர்களுக்கே உரியது. எஸ்.டி.பி. வழியே வந்தாலும் சமநிலை மதிப்பீட்டின் வழியே வந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதனால் தொடக்கத்தில் எந்த வழியில் போனோம் என்பது உச்சியை எட்டுவதற்குத் தடையாகாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துக்குத் தனித்தனி நிதியும் ஏற்பாடும் உண்டு. அங்கே இருப்பவர்கள் இங்கிலாந்தின் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

யாருக்கு எது?

கடைசி ஆண்டில் இருக்கும் பட்ட மாணவரும் அண்மையில் பட்டம் முடித்தவரும் எஸ்.டி.பி.க்கு விண்ணப்பிக்கட்டும். கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். ஆனால் முடிவு வரும் வரை கைகட்டி நிற்க வேண்டாம். உதவியாளர் வேலை கிடைத்தால் சேருங்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் கழிந்த ஓர் ஆண்டு அடுத்த விண்ணப்பத்தைக் கூர்மையாக்கும். நேர்காணலில் நோயாளியைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். எஸ்.டி.பி. இரண்டு முறை கைநழுவினால், அதையே குறியாக வைக்காமல் பதிவுத் தொகுப்பைத் தொடங்கித் தரும் ஆய்வகத்தைத் தேடுவதே சரியான முடிவு என்பது என் கருத்து. முப்பது வயதில் பேண்ட் 6 பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்டாக, பதிவு கையில் இருக்க, சமநிலை மதிப்பீட்டுக்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருப்பவர், இன்னும் ஐந்தாம் எஸ்.டி.பி. விண்ணப்பத்துக்காகத் தற்காலிக வேலையில் இருப்பவரைவிட உறுதியான இடத்தில் இருக்கிறார்.

மருத்துவ இயற்பியலிலோ உயிர்த் தகவலியலிலோ உறுதியாக இருப்பவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே பக்கவழிகள் குறுகல், எஸ்.டி.பி.க்காகக் கூடுதலாக ஓர் ஆண்டு முயல்வதில் அர்த்தம் இருக்கிறது.

முனைவர் பட்டம் முடித்தவருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பட்டம் மருத்துவமனைப் பதிவுக்கு மாற்று ஆகாது. எஸ்.டி.பி. தேர்வில் அது உதவலாம், உதவாமலும் போகலாம். இன்னும் தொடங்காதவர், மருத்துவமனை அறிவியலாளர் ஆவதற்காக மட்டும் முனைவர் பட்டத்தில் இறங்க வேண்டாம். ஆராய்ச்சிமேல் காதல் இருந்தால் அது வேறு.

2023இல் வந்த என்.எச்.எஸ். நீண்டகாலப் பணியாளர் திட்டம், 2031–32க்குள் சுகாதார அறிவியலாளர் பயிற்சி இடங்களை ஆயிரத்துக்கு மேல் உயர்த்துவதாகச் சொன்னது. 2025இல் அரசு அதற்குப் பதிலாகப் புதிய பத்தாண்டுத் திட்டம் எழுதப்போவதாக அறிவித்தது. இடங்களை உயர்த்துவது தேவை. அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது, பதிவுத் தொகுப்பிலும் சமநிலை மதிப்பீட்டிலும் இருப்பவர்களுக்கு வாரத்தில் சில மணிநேரமாவது பணம் கட்டி ஒதுக்குவது, கற்றுக்கொடுப்பவரின் நேரத்துக்கும் பணம் தருவது. இடங்களை மட்டும் கூட்டிவிட்டு மேற்பார்வையாளர்களைக் கூட்டாமல் விட்டால், இன்று ஆய்வக உதவியாளர்கள் படும் பாட்டை நாளை எஸ்.டி.பி. பயிற்சியாளர்களும் படுவார்கள்.

அது வரும் வரை உங்களைக் காத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். எந்த வழியில் நுழைந்தாலும் நேர்காணலின் முடிவில், உங்களுக்குக் கேள்வி உண்டா என்று அவர்கள் கேட்கும்போது தயங்காமல் கேளுங்கள். பயிற்சி அலுவலர் யார், அவருக்கு அந்த வேலைக்கென்று தனி நேரம் உண்டா? கடந்த சில ஆண்டுகளில் இந்தத் துறையில் எத்தனை பேர் தொகுப்பை முடித்தார்கள், எத்தனை பேர் இன்னும் முடிக்கவில்லை? படிப்பு நேரம் பணிச்சுழற்சி அட்டவணையில் பெயர் போட்டு எழுதப்படுகிறதா, ஆள் குறைந்தால் அது ரத்தாகுமா, ரத்தானால் ஈடுசெய்யப்படுமா? சமநிலை மதிப்பீட்டுக் கட்டணத்தை யார் தருவார்? முடிந்தால் அந்தத் துறையில் இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவரோடு தனியே பேச அனுமதி கேளுங்கள். தெளிவாகப் பதில் தரும் துறையில் பேண்ட் 3 வேலை கிடைத்தாலும் சேரலாம். பேண்ட் 5 தருகிறோம், மற்றதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் துறையில், தொகுப்பைத் தொடங்கும் தேதியை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.